கோழிக்கூண்டு என் ரசனைக்கு ஏற்றபடி இருக்க வேண்டும்: எங்கே தொடங்குவது?

ஆறு கோழி வளர்க்கப் போகிறீர்கள். கூண்டு தோட்டத்தின் நடுவில், வீட்டு ஜன்னலிலிருந்து எந்நேரமும் கண்ணில் படும் இடத்தில் வரப்போகிறது. அதனால் வெறும் தகரப் பெட்டியாக இல்லாமல் உங்கள் ரசனையைக் காட்ட வேண்டும் என்கிறீர்கள். இணையத்தில் பார்த்த ஓட்டுக்கூரைக் குட்டி வீடு, வட்ட ஜன்னல் வைத்த பெட்டி, சரவிளக்கு தொங்கும் கூண்டு எல்லாமே பிடித்திருக்கிறது, எதை எடுப்பது, எந்த நிறம் அடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூண்டின் வெளிப்புறம் உங்களுடையது, உட்புறம் கோழியுடையது. கூரையின் வடிவம், நிறம், கதவு, சுற்றிப் படரும் கொடி, போகும் பாதை இவற்றில் எப்படி வேண்டுமானாலும் விளையாடுங்கள். உள்ளே போதுமான இடம், காற்று, முட்டையிட ஒரு மங்கலான மூலை, ஏறி அடைய ஒரு கழி, சுரண்டிக் கழுவ எளிதான சுவர் இவ்வளவு போதும். வேறெதையும் கொண்டுபோகாதீர்கள். கூண்டு எந்தப் பாணியில் இருந்தாலும் இந்த எல்லையை மதித்தால் நன்றாக ஓடும். மதிக்காவிட்டால் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் அழகும் போய்விடும்.

கோழிக்கு அழகான வீடு கட்டும் ஆசை இன்று நேற்று வந்ததில்லை. 1840களில் விக்டோரியா அரசிக்காக விண்ட்சரில் கோத்திக் சாயலில் ஒரு கோழி இல்லமே எழுந்தது. வேல்ஸின் லெய்டன் எஸ்டேட்டில் 1861-இல் கட்டிய கோழி மாளிகை இன்றும் நிற்கிறது. வெளியே பழங்கால மரச்சட்ட வீட்டின் அலங்காரம். ஆனால் கோழி கிளற ஒரு முற்றம், நீர்ப்பறவைக்கு ஒரு குளம், காற்றும் மழையும் வந்தால் ஒதுங்க ஒரு கொட்டகை என்று ஒவ்வொன்றுக்கும் தனி இடம் ஒதுக்கியிருந்தார்கள். இதற்கு நேர் எதிர் முனையில், 2004-இல் லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் படித்த நான்கு பேர் எக்லூ என்ற பிளாஸ்டிக் கூண்டைக் கொண்டு வந்தார்கள். பளிச்சென்ற நிறம், வளைந்த உடல், தட்டை உருவி எடுத்து குழாய்த் தண்ணீரில் அடித்துக் கழுவும் வசதி. இரண்டும் இரண்டு உலகம், ஆனால் இரண்டிலுமே உள்ளே இருக்கப்போகும் பறவையை யோசித்துவிட்டுத்தான் வெளித்தோற்றத்துக்குப் போயிருக்கிறார்கள்.

சரி, உங்கள் கூண்டுக்கு வருவோம். படங்களை ஒதுக்கிவிட்டு முதலில் உங்களைப் பற்றி யோசியுங்கள். நீங்கள் எப்படி வாழ்கிறீர்கள் என்பதும் ரசனையில் சேர்த்திதான். விடியும் முன் எழுபவரா, எட்டு மணி வரை தூங்குபவரா? கோழி முதல் வெளிச்சத்திலேயே வெளியே வரத் துடிக்கும். தாமதமாக எழுபவர் என்றால் நேரம் வைத்தோ வெளிச்சத்தை உணர்ந்தோ தானாகத் திறக்கும் சிறு கதவு ஒன்று போடலாம். அல்லது கூண்டோடு ஒட்டிய திறந்தவெளி அடைப்பையும் கூண்டு அளவுக்கே பலமாக, மேலும் கீழும் வலையடித்துக் கட்டிவிட்டால், நடுக்கதவை இரவும் திறந்தே விடலாம். முதுகுவலி உள்ளவர் தயவுசெய்து இடுப்புயரப் பெட்டி எதையும் வாங்காதீர்கள். நிமிர்ந்து நிற்க முடியாத கூண்டைச் சுத்தம் செய்வது தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும். பொம்மை வீடு போன்ற குட்டிக் கூண்டுகள் படத்தில் அவ்வளவு அழகாக இருந்தும் நான் யாருக்கும் பரிந்துரைக்காததற்கு இதுதான் முதல் காரணம்.

சுத்தம் செய்யும் பழக்கமும் வடிவத்தையே மாற்றும். தினமும் ஐந்து நிமிடம் ஒதுக்க முடியும் என்றால், கழிக்குக் கீழே ஒரு பலகைத் தட்டு வைத்து காலையில் சுரண்டி எடுக்கலாம். ஒரு கோழி ஒரு நாளில் 100 கிராமுக்கு மேல் எச்சமிடும், அதில் கணிசமான பங்கு இரவில் கழியின் அடியிலேயே விழுகிறது. அந்தத் தட்டை எடுத்தாலே பாதி வேலை முடிந்தது. தினமும் முடியாது என்பவருக்கு ஆழ்கூள முறை. தரையில் 4 முதல் 6 அங்குலம் உலர்ந்த மரச்சீவலோ உமியோ பரப்பி, அவ்வப்போது மேலே புதிதாகப் போட்டு 10, 12 அங்குலம் வரை உயர விடுவது. கோழி கிளறக் கிளற எச்சம் கூளத்தோடு கலந்து மெல்ல மக்கும். பல மாதங்களுக்கு ஒருமுறை அள்ளினால் தோட்டத்துக்கு எரு. ஆனால் இதற்கு வாசலில் ஓரடி உயரத்துக்குக் கழற்றி மாட்டும் குறுக்குப் பலகை வேண்டும், கழியும் முட்டைப் பெட்டியும் அந்தக் கூள உயரத்தைக் கணக்கில் வைத்து மேலே போக வேண்டும். வரைபடத்தில் இதை முதலிலேயே போடாவிட்டால் பிறகு சேர்ப்பது சிரமம்.

அளவுகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நடுத்தர உடல்வாகுள்ள கோழி ஒன்றுக்கு உள்ளே 4 சதுர அடி, வெளி அடைப்பில் 10 சதுர அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆறு கோழிக்கு 4 அடிக்கு 6 அடி அறையும், 6 அடிக்கு 10 அடி அடைப்பும் வரும். இடமிருந்தால் இன்னும் கூட்டுங்கள், ஆறோடு நிறுத்திய ஆளை நான் பார்த்ததில்லை. விற்கும் பெட்டிகளில் 'எட்டுக் கோழிக்கு' என்று எழுதியிருப்பதை நம்பாமல் நாடா வைத்து அளந்து பாருங்கள், பல பெட்டிகள் மூன்றைத் தாண்டாது. இடம் நெருக்கமானால் ஒன்றையொன்று கொத்த ஆரம்பிக்கும், அதற்கு மருந்து இடத்தைக் கூட்டுவதுதான்.

ஏறி அடையும் கழியில் ஒரு கோழிக்கு 8 முதல் 10 அங்குல நீளம். ஓரம் மழுங்கச் சீவிய, 2 அங்குல அகலமுள்ள மரச்சட்டம் நல்லது. குளிர் மிகுந்த இடமானால் 4 அங்குல அகலத்தில் தட்டையாக வைத்தால் கோழி உட்காரும்போது விரல்கள் வயிற்று இறகுக்குள் மறைந்துவிடும். இரும்புக் குழாயும் பிளாஸ்டிக் குழாயும் வழுக்கும். இரண்டு கழி வைப்பதாக இருந்தால் ஒரே உயரத்தில் வையுங்கள். ஏணிப்படி மாதிரி வைத்தால் உச்சிப் படிக்கு தினமும் அந்தியில் சண்டைதான். கழி முட்டைப் பெட்டியைவிட உயரத்தில் இருப்பது கட்டாயம், ஏனென்றால் கோழி எங்கே உயரமோ அங்கேதான் அடையும். பெட்டி உயரமாக இருந்தால் அதில் தூங்கி, எச்சமிட்டு, காலையில் அழுக்கு முட்டை தரும். கனத்த இனங்கள் உயரத்திலிருந்து குதித்தால் பாதத்தில் காயம் பட்டுச் சீழ் பிடிக்கும், அவற்றுக்கு ஒன்றரை, இரண்டு அடி உயரம் போதும்.

முட்டைப் பெட்டி 12 அங்குலச் சதுரம், நான்கைந்து கோழிக்கு ஒன்று. ஆறுக்கு இரண்டு. மூன்று வைத்தாலும் எல்லாம் ஒரே பெட்டிக்கு வரிசை கட்டும், அது அவற்றின் ரசனை. பெட்டிக்குப் பூப்போட்ட திரை போடுவதைப் பலர் கேலி செய்கிறார்கள், ஆனால் அது உண்மையிலேயே பயனுள்ள அலங்காரம். மங்கலான மறைவைக் கோழி விரும்பும், முட்டையைக் கொத்தித் தின்னும் பழக்கமும் குறையும். நூல் பிரியாத துணியாக, ஓரம் மடித்துத் தைத்ததாக இருக்கட்டும், நீளமான நூலை விழுங்கினால் இரைப்பையில் சிக்கிக்கொள்ளும்.

இனி காற்று. அழகான கூண்டுகளில் பெரும்பாலானவை தோற்பது இங்கேதான், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். வாயைத் திறந்து மூச்சிரைத்தும், கொண்டை, தாடி வழியாகவும்தான் வெப்பத்தை வெளியேற்ற முடியும். வெளியே 30 டிகிரியைத் தாண்டினாலே திணறத் தொடங்கும். மூச்சிலும் எச்சத்திலும் வெளிவரும் ஈரம் உள்ளேயே தங்கினால் கூளம் நனையும், நனைந்த கூளத்திலிருந்து அம்மோனியா கிளம்பும், அது கண்ணையும் மூச்சுக்குழாயையும் அரிக்கும். உள்ளே போய் நிமிர்ந்து நின்று மூக்கை உறிஞ்சினால் தெரியாது, கோழியின் உயரத்துக்குக் குனிந்து முகர வேண்டும். நெடி அடித்தால் காற்று போதவில்லை. குளிர்காலத்திலும் இதேதான். குளிருகிறதே என்று எல்லாத் துளையையும் அடைத்துவிட்டால், உள்ளே தங்கும் ஈரத்தால்தான் கொண்டை நுனி உறைந்து கருகும்.

வழி எளிது. கழியில் உட்கார்ந்திருக்கும் கோழியின் தலைக்கு மேலே, கூரையை ஒட்டி, எதிரெதிர்ச் சுவர்களில் எப்போதும் மூடாத திறப்புகள் வையுங்கள். மொத்தத்தில் ஒரு கோழிக்கு ஒரு சதுர அடி என்று கணக்கிட்டால் தாராளம். காற்று தலைக்கு மேலே ஓட வேண்டும், உறங்கும் கோழியின் மேல் நேராக வீசக் கூடாது. வெயில் காலத்துக்குக் கீழேயும் சில ஜன்னல்கள், அவற்றைத் திறந்து மூடிக்கொள்ளலாம்.

உங்கள் ரசனைக்கு நல்ல வாய்ப்பும் இந்தத் திறப்புகளில்தான் இருக்கிறது. சுவரில் ஒட்டவைக்கும் அலங்காரத்தை விட்டுவிட்டு, திறப்பையே அலங்காரமாக்குங்கள். சாய்வுப் பட்டைகள் அடுக்கிய ஜன்னல், துளை வைத்துக் கட்டிய செங்கல் வரி, முகட்டின் மேல் சிறு கோபுரம் போல எழும் காற்றுக்கூண்டு, இரண்டு மட்டமாகப் பிரியும் கூரை எல்லாம் பார்க்கவும் அழகு, சூடான காற்றையும் வெளியேற்றும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரின்ஸ் வுட்ஸ் என்ற அமெரிக்கர் பரப்பிய வடிவம் எனக்கு மிகவும் பிடித்தது. முன்பக்கச் சுவரே இல்லை, முழுக்க வலை. ஆனால் அகலத்தைவிட ஆழம் அதிகம், கழிகள் கடைசிச் சுவரை ஒட்டி இருக்கும். மற்ற மூன்று பக்கமும் இறுக்கமாக இருப்பதால் முன்னால் அடிக்கும் காற்று உள்ளே இருக்கும் காற்றுத் தலையணையில் மோதி நின்றுவிடும், கோழி வரை போகாது. கூரை இரண்டு மட்டமாக இருக்கும், நடுவில் வரிசையாக ஜன்னல். நவீனப் பாணி வேண்டும் என்பவருக்கு நான் காட்டுவது இதைத்தான். நூறு வருடத்துக்கு முந்தைய இந்த வடிவத்தை இன்று கட்டினால் ஏதோ கட்டிடக் கலைஞர் வரைந்தது போலவே இருக்கும்.

கண்ணாடிச் சுவர் வைத்த 'நவீன' கூண்டுகள் வேறு ரகம். வெயிலில் உள்ளே அடுப்பாகிவிடும். கண்ணாடி வேண்டுமென்றால் கிழக்குப் பக்கம் ஒரு ஜன்னல் போதும், காலை வெளிச்சம் நேராக வரும். நாளுக்கு 14 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் கிடைக்கும் காலத்தில்தான் கோழி முழுவீச்சில் முட்டையிடும் என்பதால் உட்புறம் பகலில் இருண்டு கிடக்கக் கூடாது. கண்ணாடிக்குப் பின்னால் வலை ஒன்றும் அடித்துவிடுங்கள்.

அடுத்தது செள். கோழியின் இரத்தத்தைக் குடிக்கும் சிவப்புச் செள் பகலில் கோழி மேல் இருக்காது. மரச்சட்டங்கள் சேரும் இடுக்கு, கழியின் முனை, பலகைக்குப் பின்னால் உள்ள சந்து எங்கும் ஒளிந்திருந்து இரவில் மட்டும் வெளியே வரும். தீனி இல்லாமல் பல மாதம் தாங்கும். இப்போது நீங்கள் படத்தில் பார்த்த அலங்காரங்களை நினைத்துப் பாருங்கள்: உட்சுவரில் மரப்பட்டி, செதுக்கிய சட்டம், ஒட்டுக் காகிதம், கூரைக்கு அடியில் தார்த்தாள். எல்லாமே செள் குடியேற இடம். உட்சுவர் வழவழப்பான ஒற்றைத் தகடாகவோ பூசிய சுவராகவோ இருக்கட்டும், மூட்டுகளை அடைத்துவிடுங்கள், கழியை உருவி வெளியே எடுத்துக் கழுவும்படி வெறும் காடியில் வையுங்கள். சரவிளக்கு வெளித் தாழ்வாரத்தில் தொங்கட்டும், உள்ளே தொங்கினால் தூசியும் எச்சமும் படியும், ஏதாவது ஒரு கோழி அதன் மேல் அடையவும் பார்க்கும்.

வெப்பத் தடுப்புக்குத் தெர்மோகோல் வைப்பவர்கள் அதை இரண்டு பக்கமும் தகடு வைத்து முழுக்க மூட வேண்டும். அந்த வெள்ளை உருண்டைகளைத் தீவனத்தைவிட ஆசையாகக் கொத்தித் தின்னும், ஏன் என்று கேட்காதீர்கள்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை ஒன்றை நன்றாக நினைவில் வையுங்கள். அறுகோணக் கண் வைத்த கோழி வலை கோழியை உள்ளே வைக்கத்தான், நாயையும் கீரியையும் வெளியே வைக்க அது உதவாது, பல்லால் இழுத்தாலே பிரியும். அரை அங்குலச் சதுரக் கண் உள்ள வெல்டு மெஷ் போடுங்கள். குட்டிப் பாம்பும் எலிக்குஞ்சும் நுழையும் இடமானால் கால் அங்குலம். வலையைச் சுவரோடு நிறுத்தாமல் தரையில் வெளிப்பக்கமாக ஒன்றரை அடி விரித்து, மேலே மண்ணோ கல்லோ போடுங்கள். தோண்ட வரும் விலங்கு சுவரை ஒட்டித்தான் தோண்டும், வலை தட்டியதும் விட்டுவிடும். கதவுக்கு வெறும் கொக்கி போதாது, தாழ்ப்பாளோடு ஒரு பூட்டுக் கொக்கியும் இருக்கட்டும். இத்தனை வலையும் கண்ணை உறுத்துமே என்ற கவலைக்கு ஒரு நல்ல உபாயம் உண்டு: வலையைக் கறுப்பாக்கிவிடுங்கள். பளபளக்கும் வலை வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி முன்னால் வந்து நிற்கும். கறுப்பு வலை மறைந்து, பின்னால் இருக்கும் கோழியும் செடியும்தான் தெரியும். உங்கள் ஜன்னலிலிருந்து பார்க்கும்போது பெரிய வித்தியாசம் இருக்கும்.

இப்போது எந்தப் பாணி என்ற கேள்வி. படங்களில் இருப்பது வேறு யாரோ ஒருவரின் தோட்டம், வேறு ஒரு வீட்டின் பக்கத்தில் நிற்பது. உங்கள் கூண்டு உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். ஆகவே வீட்டிலிருந்து இரண்டு மூன்று விஷயங்களை மட்டும் கடன் வாங்குங்கள்: கூரையின் சரிவு, வெளியே தெரியும் ஒரு பொருள், கதவு ஜன்னலின் நிறம். வீட்டை அப்படியே சின்னதாக்கிக் கட்டத் தேவையில்லை, எனக்கு அது கொஞ்சம் அசட்டுத்தனமாகத் தெரியும். கூரைச் சரிவு ஒத்துப்போனாலே இரண்டும் ஒரே இடத்தைச் சேர்ந்தவை என்று கண் ஏற்றுக்கொள்ளும். தட்டைக் கூரை வீடு என்றால் கூண்டின் கூரையை ஒரே பக்கமாகச் சரித்து, உயர்ந்த பக்கத்தை வீட்டை நோக்கி வையுங்கள், சரிவு தெரியாது. தண்ணீர் அடைப்புக்குள் வடியாமல் பின்பக்கம் விழும்படியும், கூரை விளிம்பு சுவரைத் தாண்டி ஓரடியாவது நீளும்படியும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நிழல் விளிம்பு எந்தக் கூண்டையும் அழகாக்கும், திறப்புகளுக்குள் சாரலும் அடிக்காது.

பழைய மரத்தில் கட்டும் ஆசை இருந்தால் தாராளமாகக் கட்டுங்கள், அதன் நிறத்துக்கு ஈடில்லை. ஆனால் பழைய பெயின்ட் உரியும் பலகை வேண்டாம். அதில் ஈயம் இருக்கலாம், கோழி கொத்தித் தின்றால் அது முட்டைக்கும் வரும். பழைய காலத்தில் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்சனிக் கலந்த மருந்தில் ஊறவைத்த மரத்தையும் தவிருங்கள். எந்த மரத்தில் கட்டினாலும் வேலை முடிந்ததும் தரையில் காந்தம் ஒன்றை இழுத்துச் சென்று ஆணி, கம்பித் துண்டுகளைப் பொறுக்கிவிடுங்கள். துத்தநாகப் பூச்சுள்ள கம்பித் துண்டைக் கோழி விழுங்கினால் உள்ளே நஞ்சாகும்.

கட்டிடத்தில் அதிகம் செலவழிக்க விரும்பாதவர் செடியை நம்பலாம். அடைப்பின் வெயில் பக்கத்தில் அவரை, பாகல் போன்ற கொடியை ஏற்றினால் நிழலும் கிடைக்கும், எளிய சட்டமும் தோட்டத்தோடு கலந்துவிடும். வேரைக் கோழி கிளறாமல் இருக்கக் கொடியை வலைக்கு வெளியே நட்டு, அடியில் கல் பரப்புங்கள். அரளி, ஆமணக்கு, உண்ணிச்செடி இவை அழகுக்காகக்கூட அருகில் வேண்டாம், மூன்றும் நஞ்சு.

கடைசியாக நிறம். கோழியின் கண் நம்முடையதைவிடப் பணக்காரக் கண். நமக்கு மூன்று வகை நிற உணர்வி என்றால் அதற்கு நான்கு, புற ஊதாப் பக்கமும் தெரியும். இருந்தாலும் வெளிச்சுவர் நீலமா பச்சையா என்று அது பொருட்படுத்தாது, அங்கே உங்கள் விருப்பம்தான். கூரையை மட்டும் வெளிர் நிறத்தில் வையுங்கள், அடர்நிறக் கூரை வெயிலை வாங்கி உள்ளே இறக்கும். உட்சுவருக்கு வெள்ளையைத் தவிர வேறெதையும் நான் சொல்ல மாட்டேன், உள்ளே வெளிச்சம் கூடும், செள் ஊர்ந்தாலும் உடனே கண்ணில் படும். சுண்ணாம்பே போதும், வருடா வருடம் அடித்துக்கொள்ளலாம். வெளியே பெயின்ட் அடித்தால் ஈயமில்லாத, தண்ணீரில் கரையும் வகை. பறவையின் மூச்சு மண்டலம் நம்முடையதைவிட நுட்பமானது, ஆவி எளிதில் தாக்கும். அதனால் காய்ந்துவிட்டது என்று கைக்குத் தெரிந்த உடனே கோழியை விடாமல், கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வைத்து, மூக்கை உள்ளே நீட்டி முகர்ந்து, வாசனை துளியும் இல்லை என்றான பிறகு விடுங்கள்.